விரல் போகலாம், கை போகக் கூடாது

நான் குடியிருக்கும் ஜெர்மானியச் சிற்றூரில், காரின் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுக்குக்கூடப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனப் பரிசோதனைக்குப் போனபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. பரிசோதகர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்கதவின் மேல்விளிம்பில் நான் ஒட்டியிருந்த ஸ்பாய்லருக்கு முன்னால் நின்று டார்ச் அடித்தார். விரலால் தடவிப் பார்த்தார். "பாப்பியர்?" என்றார். காகிதம். புலம்பெயர்ந்தவனிடம் யாராவது காகிதம் என்று சொன்னால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தேன். அது இல்லை என்று தலையசைத்தார். காப்பீட்டுத் தாளைக் கொடுத்தேன். அதுவும் இல்லை. கடைசியில் பயந்துபோய் என் வசிப்பிட அட்டையையே எடுத்து நீட்டினேன். அவர் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு இருக்கிறது. இதற்கு எங்கே?" என்று ஸ்பாய்லரைக் காட்டினார். ஏழு வருடத்தில் இந்த நாட்டு அதிகாரி ஒருவர் என்னை நம்பி, எனக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றைச் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தக் காகிதம் ஸ்பாய்லர் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்திருக்கிறது. நானோ நல்ல குடிமகனாகப் பெட்டியைப் பிரித்து மடித்து நீலநிறக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு ஹெர் கெல்லர் அப்போதே எச்சரித்திருக்கிறார், எனக்குத்தான் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை நான் வாசலில் நின்று அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பாலிருந்து "அய்ன்ட்ராகன்" செய்துவிட்டீர்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது "ட்ராகன்" மட்டும்தான், சுமப்பது என்று பொருள். பெரியவர் கை கொடுக்க வருகிறார் என்று நெகிழ்ந்துபோய், "வேண்டாம், கனமே இல்லை, நானே தூக்கிவிடுவேன்" என்றேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவர் சொன்ன சொல்லுக்கு "அரசாங்கத்தில் பதிவு செய்வது" என்று பொருளாம். பரிசோதனையில் தோற்றுத் திரும்பிய பிறகு ஹேர் டிரையரால் சூடுகாட்டி, தூண்டில் நரம்பால் அறுத்து, அந்த அநாதையை நானே பிரித்து எடுத்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் வேலை பார்ப்பதே காருக்குப் பம்பர் செய்யும் ஆலையில். என் வேலை பம்பர் செய்வதல்ல, மாட்டுவதும் அல்ல. மாட்டி முடித்த பம்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்ப்பது. தகடு போனால் பச்சைப் பொத்தான், போகாவிட்டால் சிவப்புப் பொத்தான். பொறியியல் படித்தவன் காலை முதல் மாலை வரை சந்தில் தகடு விடுகிறேன் என்று ஊரில் சொல்ல முடியுமா? "பம்பர் கம்பெனியில் குவாலிட்டி" என்று சொல்லியிருந்தேன். சிவகாசிக்கு அருகே எங்கள் தாயில்பட்டிப் பக்கம் அந்தச் சொல் எப்படி வளர்ந்திருக்கிறது என்பது போன முறை தீபாவளிக்கு முந்தைய சீசனில் விடுமுறையில் போனபோதுதான் தெரிந்தது.

என் அக்கா பாண்டியம்மா அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வேலை செய்கிறாள். அவள் கணவர் கருப்பசாமி மச்சான் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். சமீபத்தில் வாடகைக்கு ஓட்ட வெள்ளை நிறத்தில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருந்தார். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு மாடு முட்டியதில் அதன் முன்பம்பர் இரண்டாகப் பிளந்து, கட்டுக்கம்பியின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதற்குள் மச்சான் மதுரையிலிருந்து வாங்கி வந்த நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே புதுப் பம்பர். அந்தக் காருக்குப் பிறக்கும்போது இருந்த சாதுவான முகம் இல்லை அது. கடிக்க வருகிற முகம். கம்பெனி பெயர் கிடையாது, காகிதம் கிடையாது. ஓர் ஓரத்தில் மட்டும் "ஸ்போர்ட்" என்று ஒட்டியிருந்தது.

"சாத்தூர் பட்டறைக்காரன் கூப்புட்டான் மாப்ள. ஒலகத்துக்கே பம்பர் செய்யுற ஆளு நம்ம வீட்டுக்கு வர்றாக, ஓங்கிட்ட எதுக்குலே வுடணும்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல மொத சவாரி. மாப்பிள்ளை கார். சாத்தூர்ல ஏத்தி விருதுநகர் மண்டபத்துல எறக்கணும். நீங்க கை வச்சா அரைமணி நேரம்."

இந்த "நீங்க"வைக் கவனிக்க வேண்டும். நான் விமானம் ஏறுகிற வரைக்கும் மச்சானுக்கு நான் "நீ". "ஏலே மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். இறங்கியதிலிருந்து "நீங்க". ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. அங்கே யாரும் எனக்கு "நீ" கொடுக்கவில்லை, இங்கே இருந்ததையும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பம்பர் மாட்டத் தெரியாது என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் சவாரி என்பதால் அன்று காலையே வாசலில் சாக்கை விரித்து, கொண்டுவந்திருந்த கையுறையை மாட்டி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கடை அண்ணாச்சி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, "ஆபரேசனா தம்பி? பொளைச்சிருமா?" என்று கேட்டார்.

பழைய பம்பரைக் கழற்றும்வரை எல்லாம் நன்றாகவே போனது. மேலே ஆறு கிளிப், சக்கர வளைவில் இரண்டு ஸ்குரூ, கீழே நான்கு. ஒவ்வொன்றையும் கழற்றி, எங்கிருந்து எடுத்தேன் என்று தாளில் எழுதி, அதன்மேல் வைத்தேன். அண்ணாச்சி அதைப் பார்த்து, கலியாண மொய் எழுதுகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு புதுப் பம்பரைத் தூக்கிப் பொருத்தினோம். வலப்பக்கம் உட்கார்ந்தது. இடப்பக்கம் உட்காரவில்லை. ஓட்டை ஒரு திசையில், அது சேர வேண்டிய இடம் ஒரு விரல் தள்ளி இன்னொரு திசையில். வலப்பக்கத்தைச் செய்தவனும் இடப்பக்கத்தைச் செய்தவனும் பேசிக்கொள்ளாத பங்காளிகள் போலிருக்கிறது.

"இதைத் திருப்பிக் குடுத்துருவோம் மச்சான்" என்றேன்.

"எங்க?"

"வாங்குன எடத்துல."

மச்சானும் அண்ணாச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதோ வேற்றுமொழியில் பேசிவிட்டது போல அண்ணாச்சி மச்சானுக்கு விளக்கினார்: "அங்கன அப்பிடிச் செய்வாக போல."

நான் விடவில்லை. எங்கள் ஆலையில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினாலும் வண்டியை நிறுத்திவிடுவோம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மச்சான் பம்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அது வசதியாகப் போய் வந்தது. "இம்புட்டுத்தானே மாப்ள. விரல் போகலாம். கை போகக் கூடாது. இது இங்கத்த கணக்கு" என்றார். பட்டாசு ஊரில் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அது தெரிந்தது.

ஓட்டையைக் கொஞ்சம் நீட்டினால் சரியாகிவிடும் என்று டிரில் மெஷினை வாங்கினேன். நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டினேன். பம்பரைக் காரோடு பிடித்து நிறுத்துகிற அந்தக் காது போன்ற பகுதி, பிஸ்கட் உடைகிற சத்தத்தோடு என் கையில் வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மச்சான் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஏலே மாப்ள, என்னலே செஞ்ச!" என்று கத்தினார்.

எனக்கு என் "நீ" திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காக நான் கொடுத்த விலைதான் அவருடைய முதல் சவாரி.

மதியம் முழுவதும் மச்சான் சாத்தூரிலும் சிவகாசியிலும் பட்டறை பட்டறையாகப் போன் அடித்தார். சீசன் நேரம், எல்லோரிடமும் லோடு வண்டிகள் வரிசையில் நின்றன. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ஒரு கத்தலுக்குப் பிறகு என்னிடம் அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நான் மனதுக்குள் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடுகிற காருக்கு எதற்கு ஸ்போர்ட் முகம், எதற்கு இந்த வீம்பு என்று. உடைத்தவனுக்குத்தானே உபதேசம் அதிகம் சுரக்கும்.

ஐந்து மணிவாக்கில் கம்பெனி வேனில் அக்கா வந்து இறங்கினாள். முழங்கைவரை வெள்ளிப்பொடி ஒட்டியிருந்தது. வாசலில் கிடந்த பம்பரையும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகக் குளிக்கப் போனாள். பொடியோடு வீட்டில் எதையும் தொடமாட்டாள். குளித்துவிட்டு வந்து உடைந்த காதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு டியூப்பைக் கலந்து பூசுவாகளே, அந்தப் பசை வாங்கியாங்க. சணலு வீட்டுல இருக்கு" என்று மச்சானை அனுப்பினாள். பழைய பம்பரிலிருந்த இரும்புத் தகட்டில் ஒரு விரல் நீளம் வெட்டித் தரச் சொன்னாள். அதுதான் அன்று முழுவதும் நான் உருப்படியாகச் செய்த வேலை. உடைந்த இடத்துக்கு அடியில் தகட்டை வைத்து, சணலைப் பசையில் முக்கி, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற ஆரம்பித்தாள். திரி கட்டும் வேலைக்கு மாறுவதற்கு முன் பத்து வருடம் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றியவள் அவள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஏறி இறுகியது. இதே வேலையை இயந்திரத்தில் செய்து, "இயற்கை இழைக் கலவை" என்று பெயர் வைத்து, எங்கள் ஆலையின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் தொடக் கூடாது.

"இந்தப் பம்பரு எதுக்குலே இருக்கு?" என்று சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"முட்டுனா மொதல்ல இது ஒடையும்க்கா. உள்ள இருக்கவுகளுக்கு அடி படாது."

"வெளிய நடந்து போறவுகளுக்கு?"

"அதுக்கும் பாப்பாக. காலுல பட்டா வளையணும். பொம்மைய நிறுத்தி, காரை மோதவிட்டுப் பாப்பாக. எங்கன எம்புட்டு அடின்னு பொம்மைக்குள்ள இருக்க கருவி சொல்லிரும்."

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சணல் தளர்ந்துவிட்டது, மறுபடி இழுத்துப் பிடித்தாள். "வலிக்குதான்னு பொம்மைகிட்டப் போயிக் கேக்க ஆளு வச்சிருக்காக, பாரேன்!"

நான் அப்போதும் குவாலிட்டிக்காரனாகவே இருந்தேன். உங்கள் கம்பெனியில் பாதுகாப்பெல்லாம் எப்படி என்று விசாரித்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். உள்ளே போகுமுன், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட வேண்டும். செருப்பு கிடையாது, போன் கிடையாது. ஓர் அறைக்கு நாலு பேர்.

"நாலு பேருதானா?"

"நாலு பேருன்னு போர்டு இருக்கு. சீசன்ல போர்டுக்கு எண்ணத் தெரியாது."

"நீ எங்கக்கா உக்காருவ?"

"கதவுகிட்ட. ஓடுறதுக்குத் தோது. கொள்ள வருசமா அதே எடம். ஒருத்திக்கும் விட்டுக் குடுத்ததில்ல."

"அப்ப உள்ளுக்க?"

"புதுசா வர்றவ. நானும் மொதல்ல உள்ளதான்லே இருந்தேன். நீ காலேஜு சேந்த வருசம்."

அந்த வருடம் நான் மதுரை விடுதியில் இருந்தேன். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று வாரம் தவறாமல் போன் செய்து அவளிடம் புலம்புவேன். "பாவம் புள்ள, வயித்தக் காயப்போடாத" என்பாள். அவள் எந்த அறையில், எந்த மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்து அந்தப் போனை எடுத்தாள் என்று நான் கேட்டதில்லை. பம்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கச் சம்பளம் வாங்குகிறவன், அக்காவுக்கும் கதவுக்கும் நடுவில் எத்தனை அடி என்று பதினெட்டு வருடம் கேட்கவில்லை.

"இந்தத் தீவாளியோட நின்னுருவேன்" என்றாள், மச்சான் காதில் விழாத குரலில். "வண்டி ஓடுனா. வண்டி ஓடணும்னா நாலு கலியாணத்துக்குக் கூப்புடணும். கலியாணத்துக்குக் கூப்புடணும்னா மூஞ்சி நல்லாருக்கணும்லே. அதுக்குத்தான் ஒங்க மச்சான் மருதைக்கு அலைஞ்சாரு."

நான் வீம்பு என்று நினைத்த பம்பர் அது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் சுற்றச் சுற்றச் சணலுக்குப் பசை தடவிக் கொடுத்தேன்.

விடிவதற்குள் அது கல்லாக இறுகிவிட்டது. காலையில் மூவருமாகத் தூக்கி மாட்டினோம். இடப்பக்கம் அக்காவின் சணல்கட்டு. வலப்பக்கம் உடையாமல் இருந்ததால், அதை மட்டுமாவது முறைப்படி செய்வோம் என்று நான் ஒவ்வொரு கிளிப்பாக, தாளில் எழுதிய வரிசைப்படி மாட்டி முடித்தேன். அக்கா வேனேறி வேலைக்குப் போனாள். நான் பம்பரின் காவலாளியாக மச்சானுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

சாத்தூரில் பூ அலங்காரம் முடிந்து, பின்சீட்டில் மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் ஏறினார்கள். நான்குவழிச் சாலையில் ஏறும்வரை என் கண் முழுவதும் இடப்பக்கம்தான். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். சணல்கட்டு அசையவில்லை. விருதுநகருக்குள் நுழையும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினோம். தடதடவென்று தார்ரோட்டில் எதுவோ உரசியது.

தாய்மாமன் முன்னால் எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ள சரம் போட்டுட்டாகளாய்யா?"

இறங்கிப் பார்த்தால் வலப்பக்கம். நான் வரிசைப்படி மாட்டிய பக்கம். பம்பரின் மூலை ரோட்டில் கிடந்தது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் என்னைத் திட்டவில்லை. டிக்கியைத் திறந்து, அலங்காரத்தில் மிஞ்சிய சிவப்பு ஜரிகை ரிப்பனை எடுத்தார். பம்பரின் மூலையைத் தூக்கி, முன்பக்கக் கம்பிவலைக்குள் ரிப்பனை விட்டு இறுக்கிக் கட்டி, கடைசியில் பெரிதாக ஒரு பூமுடிச்சுப் போட்டார். "எதுவும் கேட்டா புது மாடல்னு சொல்லு" என்றார்.

யாரும் கேட்கவில்லை. மண்டப வாசலில் கார் நின்றதும் போட்டோக்காரர் ஓடிவந்து பார்த்து, "அண்ணே, ஒரு பக்கம் மட்டும் கட்டியிருக்கீகளே, அந்தப் பக்கமும் ஒண்ணு கட்டுங்க, பிரேமுக்கு நல்லாருக்கும்" என்றார். கட்டினோம். மாப்பிள்ளை பெண்ணோடு அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த இரண்டு கல்யாண வீடுகள் "அதே மாதிரி ரெண்டு பக்கமும் ரிப்பன் வச்ச கார்" வேண்டும் என்று மச்சானுக்குப் போன் செய்தன. சவாரி முடிந்த அன்று மாலையே அக்கா வலப்பக்கத்துக்கும் சணல் சுற்றினாள். நான் பசை தடவினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் பங்கெடுத்து வெளியே அனுப்பிய ஒரே பம்பர் அதுதான். இன்றுவரை அது விழவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பி, சந்தில் தகடு விடும் பணியைத் தொடர்ந்தேன். தீபாவளி கழிந்த வாரம் அக்கா கூப்பிட்டாள். நின்றுவிட்டாளாம். மேலாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பினாராம், போகவில்லையாம். மச்சானோடு காரில் முன்சீட்டில் உட்கார்ந்து இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்வந்ததைச் சொன்னாள். "காலை நீட்டி உக்காந்துக்கிட்டே போனேம்லே" என்றாள். கதவுப் பக்கத்து இடம் யாருக்குப் போனது என்று கேட்டேன். "அதைக் கேக்காதலே" என்றாள். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் கடைசி நாள். வருடத்தில் மற்ற நாளெல்லாம் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கே நேரம் குறித்து வைத்திருக்கும் இந்த நாடு, "ஜில்வெஸ்டர்" எனும் அந்த ஒரு நாள் மட்டும் வெடி வெடிக்க அனுமதி கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும். இருட்டும்வரை பொறுக்காத கீழ்வீட்டுப் பிள்ளைகள் மதியமே தொடங்கிவிட்டார்கள். முதல் சத்தம் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது, தெருவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெருஞ்சத்தம் கேட்டால் யாரும் கைதட்டமாட்டார்கள். வெளியே ஓடிவந்து, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். தாயில்பட்டிப் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா. பார்த்த பிறகுதான் யாருக்குப் போன் அடிப்பது என்று தெரியும்.

கீழ்வீட்டுப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்து, மெதுவாக என் முழங்கையைத் தொட்டார். "பயப்படாதீர்கள். இங்கே போர் எதுவும் இல்லை. இது கொண்டாட்டம்தான்" என்றார். நான் போரிலிருந்து தப்பி வந்தவன் என்று நினைத்துவிட்டார். இல்லை அம்மா, நான் கொண்டாட்டம் தயாராகும் இடத்திலிருந்து வந்தவன் என்று சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய இலக்கணம் என்னிடம் இல்லை. "டாங்கே" என்றேன்.

மாடிக்கு வந்தபோது போன் அடித்தது. அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இன்னொன்று வெடித்தது.

"என்னலே அது?" அவள் குரல் மாறிவிட்டது. "எந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்லக்கா. இங்கன வருசப் பொறப்பு. பிள்ளைக வெடிக்குது."

"சரிலே. எந்தப் பக்கம்னு பாரு."

கட்டடம் முழுவதும் புகைக்குப் பயந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நான் என் ஜன்னலை முழுக்கத் திறந்து, இடுப்புவரை வெளியே நீட்டிப் பார்த்தேன். பனிக்காற்றோடு கந்தக வாசனை முகத்தில் வந்து அப்பியது. பின்னால் ஹீட்டரின் சூடு காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொகை கெழக்க போகுதுக்கா" என்றேன்.